அகலமான டயர், ஈரமான ரோடு

டொயோட்டா ஜிடி86 காரை உங்களில் சிலர் ஏக்கத்தோட பார்த்திருப்பீங்க. 2012-ல் வந்தது, 200 குதிரைத்திறன், இன்ஜின் சக்தி முழுக்கப் பின் சக்கரங்களுக்கு. அதோட வந்த டயர் என்ன தெரியுமா? 215 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சாதாரண மிஷ்லின் ப்ரைமசி. ப்ரியஸ்-லயும் அதே ரகம்தான் போட்டாங்க. செலவை மிச்சம் பிடிக்க இல்லை. கார் வழுக்குவதாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே, மெதுவாக, டிரைவருக்குத் தெரியும்படி வழுக்கட்டும் என்பது யோசனை. வாங்குகிற பலர் முதல் வேலையாக அந்த டயரைக் கழற்றிவிட்டு அகலமாக ஒன்றை மாட்டுகிறார்கள்.

என் சித்தி பையன் போன மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது அப்படி மாற்றிய கார்தான். 245 அகலம், ரேஸ் டிராக்குக்கென்றே செய்த ரகம், பள்ளங்கள் ரொம்பக் குறைவு. "அண்ணா, எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடி" என்கிறான். வெயிலில் அவன் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் நாங்கள் இருப்பது இங்கிலாந்து. பின் சீட்டில் உட்கார்ந்து சித்தப்பாவோட சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகணும்னு என் ஆறு வயசு மகள் அடம் பிடிக்கிறாள்.

ரோட்டைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு ரப்பர்தான். மழையில் அந்த உள்ளங்கைக்கு முன்னால் இருக்கும் தண்ணீரை நொடியில் ஒதுக்கித் தள்ளணும், இல்லைன்னா பள்ளங்கள் வழியா வெளியேற்றணும். டயர் அகலமானால் தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம், அது ஓரத்துக்குப் போக வேண்டிய தூரமும் அதிகம். படகு குறுகலா இருந்தால் தண்ணீரைக் கிழிக்கும், பலகை மாதிரி இருந்தால் மேலே ஏறி மிதக்கும். டயரும் அப்படித்தான்.

எந்த வேகத்தில் மிதக்கும்? 1963-ல் நாசா விமான டயர்களை வைத்து ஒரு கணக்கு போட்டது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். 32 பிஎஸ்ஐ என்றால் சுமார் 58 மைல். காற்று இறங்கி 24 ஆனால் 51. பள்ளம் வெளியேற்ற முடியாத அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கும்போது பொருந்துகிற கணக்கு இது. கார் டயருக்குத் தோராயமானதுதான், அகலம் கூடினால் இன்னும் முன்னாடியே மிதக்கலாம். மோட்டார்வேயில் வேக வரம்பு 70 மைல். மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க.

"டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கே?" இதுவும் அவன் கேள்விதான். எங்க துறை பாஷையில் சொன்னால் அது ஒரு லோட் பேலன்சர். இன்ஜின் சக்தியை, இருக்கிற பிடிக்குத் தகுந்தபடி குறைத்து, இயக்கும் சக்கரங்களுக்குப் பங்கு போடும். நாலு சர்வரும் விழுந்துவிட்டால் எதைப் பங்கு போடும்?

புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர். இங்கே சட்டம் 1.6 வரை விடுகிறது. என்னைக் கேட்டால் மழைக்கு 3 வந்ததுமே மாற்றிவிடுவேன். இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதுசு பின்னால் போகணும், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும் சரி. முன்பக்கம் வழுக்கினால் கார் நேரா போகும், ஸ்டியரிங்கிலேயே தெரியும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும், அதைச் சமாளிக்க நம்மில் யாரும் பயிற்சி எடுத்ததில்லை. ஜிடி86 மாதிரி காரில் வளைவு நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலும் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் லேசாகி அதே கதைதான். தேங்கிய தண்ணீரில் ஸ்டியரிங் திடீரென்று லேசானால் பிரேக்கை மிதிக்காதீங்க. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேரா பிடிச்சால் போதும்.

பழைய அளவிலேயே நல்ல மழை டயர் மாட்டும்வரை மகள் அந்தக் காரில் ஏறமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். சித்திக்கு என்மேல் கோபம். தம்பி 215-க்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.