சுட்டி சேர்த்தால் துப்பறிவாளரா?

இணையத்தில் துப்புத் துலக்கக் கற்கக் கிளம்புபவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? நூறு மென்பொருட்களுக்குச் சுட்டி சேர்த்து வைக்கிறார்கள். அதோடு படிப்பு முடிந்தது!

2018 ஜூலையில் ஒரு வீடியோ வெளிவந்தது. ராணுவ உடையில் சிலர் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக் கொல்கிறார்கள். "பொய்ச்செய்தி" என்றது கேமரூன் அரசு. பிபிசி குழு என்ன செய்தது? பின்னணியில் தெரிந்த மலைமுகட்டைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டது. இடம் கேமரூனின் ஸெலெவெட் அருகே என்று தெரிந்தது. கட்டடங்கள் எந்தப் படத்தில் உண்டு, எதில் இல்லை என்று பார்த்தது. நிழலை அளந்தது. 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையே நடந்தது என்றது. 2020இல் நான்கு வீரர்களுக்குப் பத்தாண்டு சிறை.

இதில் மந்திரம் எங்கே? நிழல் கணக்கு பள்ளிக்கூடத்து முக்கோணவியல் தானே!

பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2013 பாஸ்டன் குண்டுவெடிப்பின்போது, ரெடிட்டில் கூடியவர்கள் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவரைக் குற்றவாளியாக்கினார்கள். காணாமல் போன அவரைக் குடும்பம் அப்போது தேடிக்கொண்டிருந்தது. அவர் முன்பே இறந்திருந்தார்.

ஆகவே, சுட்டிகளை மூடுங்கள். நண்பர் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் போதும். எந்த இடம், எத்தனை மணி? கண்டுபிடியுங்கள். தவறினால் அவரே சொல்லிவிடுவார். யார் குடும்பமும் அழ வேண்டியதில்லை.