விளையும் பயிரும் விதைத்த கையும்

நுழையும்முன்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் பழமொழி. அறிவுக்கூர்மை மிக்க குழந்தையைக் கண்டு வியக்கும்போதெல்லாம் இதனைச் சொல்கிறோம். ஆனால், முளை தெரிவதற்கு முன்பே யாரோ ஒருவர் விதைத்திருக்க வேண்டும். நீர் பாய்ச்சியிருக்க வேண்டும். தொடக்கப்பள்ளி வகுப்பறையில் அந்தக் கைகள் செய்ய வேண்டிய பணி எது என்பதைப் பேசுகிறது இக்கருத்துக் கட்டுரை.

தறியோசை கேட்கும் ஊர்

திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணி முருகன் கோவில் மணியோசையை விடத் தறியோசைக்கு அதிகம் பழகிய ஊர் அது. அங்குள்ள தெருக்களில் வளரும் குழந்தைக்கு எழுத்து அறிமுகமாவதற்கு முன்பே பாவும் ஊடையும் அறிமுகமாகிவிடுகின்றன. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் மாறி மாறி ஒலிப்பதைக் கேட்டே அது பேசக் கற்கிறது. ஐந்து வயதில் பள்ளிக்குள் நுழையும்போது இவ்வளவு அறிவையும் சுமந்துகொண்டே அக்குழந்தை வருகிறது.

இந்த அறிவுக்குப் பள்ளியில் இடம் உண்டா? வகுப்பிலே முந்திச் செல்லும் குழந்தைக்கு நாம் என்ன தருகிறோம்? பிந்தி வரும் குழந்தையிடம் மறைந்திருக்கும் ஆற்றலை எவ்வாறு அறிகிறோம்? இம்மூன்று வினாக்களும் உண்மையில் ஒரே வினாவின் மூன்று முகங்கள் என்பது என் கருத்து.

சொல்லும் பொருளும்

தம் வயதினரை விஞ்சிய ஆற்றல் உடையோரை ‘மீத்திறன் மிக்க மாணவர்’ என்று ஆசிரியர் கல்வி நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்களுக்கு உதவ இரு வழிகள் பேசப்படுகின்றன. மேல்வகுப்புப் பாடத்தை முன்னதாகவே கற்பித்து விரைந்து முன்னேறச் செய்வது விரைவூட்டல். அதே வகுப்பில் இருத்தி, எடுத்துக்கொண்ட பொருளை ஆழமாகவும் அகலமாகவும் ஆராயச் செய்வது செறிவூட்டல். முன்னது ஏணியில் ஏற்றுவது. பின்னது கிணற்றை ஆழப்படுத்துவது.

செறிவூட்டல் என்பதனை, ‘இன்னும் கொஞ்சம் வேலை’ என்று பொருள் கொள்வோர் பலர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே பொருள் கொண்டிருந்தேன். அதற்கு ஒரு சிறுவன் கொடுத்த விலையை இங்கே சொல்லியாக வேண்டும்.

பணியில் சேர்ந்த தொடக்கத்தில் நான்காம் வகுப்பில் எனக்கொரு மாணவன் வாய்த்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கரும்பலகையில் பத்துக் கணக்குகளை எழுதி நான் திரும்புவதற்குள் அவன் முடித்திருப்பான். அவனைப் பாராட்டி, மேலும் பத்துக் கணக்குகள் கொடுப்பேன். அதனையும் முடித்துவிட்டால் கரும்பலகையைத் துடைக்கவும் குறிப்பேடுகளை அடுக்கவும் அனுப்புவேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில், வகுப்பிலேயே கடைசியாகக் கணக்கை முடிப்பவனாக அவன் மாறியிருந்தான். அவனுடைய ஆர்வம் குன்றிவிட்டதாக நான் முடிவு செய்தேன்.

ஒருநாள் மாலை அவன் வீட்டுக்குச் சென்றபோது, தாய்க்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மீதமுள்ள பாவினை நெய்து முடிக்க இன்னும் எத்தனை தார் வேண்டும் என்பதைத் தாளும் எழுதுகோலும் இன்றி மனக்கணக்காகச் சொன்னான். “வகுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாய்?” என்று கேட்டேன். தலையைக் குனிந்தவாறு, “சீக்கிரம் முடிச்சா இன்னும் பத்துக் கணக்கு வரும், சார்” என்றான்.

முடித்தவனுக்கு நான் பரிசளிக்கவில்லை. தண்டனை அளித்திருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது. தெரிந்ததையே திரும்பச் செய்யச் சொல்வது செறிவூட்டல் அன்று. அது, ஓடத் தெரிந்த குதிரையைச் செக்கில் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

அளவுகோலின் குறை

‘அப்படியானால், மீத்திறன் மிக்கோரைத் தேர்ந்தெடுத்துத் தனி வகுப்பு நடத்தலாமே’ என்று தோன்றலாம். இதனை உலகம் முயன்று பார்த்திருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலறிஞர் லூயி டெர்மன், 1921ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வு நடத்தி, 1500க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். அவர்களின் வாழ்வைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களுள் பலர் பிற்காலத்தில் நல்ல நிலையை அடைந்தனர். எனினும் அந்த ஆய்வு இன்று நினைவுகூரப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அத்தேர்வில் போதிய மதிப்பெண் பெறாமையால் விலக்கப்பட்ட சிறுவர்களுள் வில்லியம் ஷாக்லி, லூயி ஆல்வரெஸ் ஆகிய இருவரும் இருந்தனர். ஷாக்லி 1956ஆம் ஆண்டிலும் ஆல்வரெஸ் 1968ஆம் ஆண்டிலும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகளுள் ஒருவரும் அப்பரிசைப் பெறவில்லை.

ஒருநாள் தேர்வு ஒரு குழந்தையின் அன்றைய விடைகளை அளக்கும். அதன் ஆர்வத்தையும் விடாமுயற்சியையும் கற்பனையையும் அளக்காது. வீட்டில் நூல்கள் நிறைந்த குழந்தையும் தறிமேடையில் உறங்கி எழுந்த குழந்தையும் ஒரே வினாத்தாளை ஒரே கண்ணால் காண்பதில்லை. எனவே, முதலில் தேர்ந்தெடுத்துப் பின்னர் வளமூட்டுவது என்னும் வரிசையே பிழையானது. முதலில் அனைவருக்கும் வளமூட்ட வேண்டும். அதில் யார் எத்துறையில் ஊன்றி நிற்கிறார் என்பதனைப் பின்னர்க் கண்டறிய வேண்டும்.

மூன்று படிகள்

இவ்வரிசைக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்றை ஜோசப் ரென்சுல்லி என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1977ஆம் ஆண்டு முன்வைத்தார். அதில் மூன்று வகைச் செயல்பாடுகள் உள்ளன. முதலாவது, பாடநூலுக்கு அப்பாற்பட்ட புதிய பொருள்களை அறிமுகம் செய்வது. இரண்டாவது, சிந்திக்கவும் ஆராயவும் தேவையான திறன்களைப் பயிற்றுவிப்பது. இவ்விரண்டும் அனைத்துக் குழந்தைகளுக்கும் உரியவை. மூன்றாவது, ஒரு பொருளில் ஆழ்ந்த நாட்டம் கொண்ட குழந்தை தனியாகவோ சிறு குழுவாகவோ உண்மையான ஆய்வில் ஈடுபடுவது.

இதனைச் செயற்படுத்தப் பெருஞ்செலவு தேவையில்லை. பொதட்டூர்பேட்டையின் தெருவே போதுமானது. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, நூல். நெசவாளர் ஒருவரை ஐந்தாம் வகுப்புக்கு அழைத்து, நாற்பதாம் நம்பர் நூலையும் எண்பதாம் நம்பர் நூலையும் காட்டச் சொல்லலாம். குழந்தைகள் தொட்டுப் பார்ப்பார்கள். எண்பது பெரிய எண். ஆனால் அந்த நூலோ மெல்லியது! ‘எண் கூடும்போது நூல் ஏன் மெலிகிறது?’ என்னும் வினா தானாகவே எழும். 840 கெஜம் நீளமுள்ள பருத்தி நூல் ஒரு சிட்டம். ஓர் இராத்தல் எடைக்கு எத்தனை சிட்டங்கள் நிற்கின்றனவோ அதுவே அந்நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஓர் இராத்தலுக்கு 33,600 கெஜம் நீளும். எண்பதாம் நம்பர் நூல் 67,200 கெஜம் நீளும். எடை மாறாமல் நீளம் கூடினால் நூல் மெலிந்தாக வேண்டும். எதிர்விகிதம் என்னும் பெயரைக் கேட்பதற்கு முன்பே அக்கருத்தைக் குழந்தை கைவிரல்களால் அறிந்துகொள்கிறது.

இங்கிருந்து ஒரு சிலர் மேலும் செல்ல விரும்புவர். அவர்களிடம் கட்டத்தாளைக் கொடுத்து, பாவு நூல் மேலே வரும் இடத்தில் கட்டத்தைக் கருமையாக்கவும், ஊடை மேலே வரும் இடத்தை வெண்மையாக விடவும் சொல்லலாம். கரை வடிவங்கள் அவ்வாறு உருவாகும். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு இதே வேலையைத் தறிக்குக் கற்றுக்கொடுத்தவர் பிரான்சு நாட்டின் ஜக்கார்டு. 1804ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய அந்த அட்டை முறையே, கணிப்பொறியின் முன்னோடியாகிய பாபேஜின் இயந்திர வடிவமைப்புக்கு வழிகாட்டியது. தறியிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் இப்பாதையை ஒரு நெசவாளர் வீட்டுக் குழந்தை தன் வீட்டு வாசலிலேயே தொடங்கலாம்.

இரண்டாவது, மொழி. வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைகளையும் தமிழ் பேசும் குழந்தைகளையும் இணைத்து அமர்த்தி, இரு மொழிகளிலும் ஒத்த சொற்களைத் திரட்டச் செய்யலாம். தமிழில் ஏழு, தெலுங்கில் ஏடு. தமிழில் கோழி, தெலுங்கில் கோடி. தமிழில் சுழி, தெலுங்கில் சுடி. பட்டியல் நீளும்போது, ‘நம் ழகரம் இருக்கும் இடத்தில் அங்கே டகரம் வருகிறதே!’ என்று ஒரு குழந்தை வியந்து கூறும். சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் 1816ஆம் ஆண்டிலும், கால்டுவெல் 1856ஆம் ஆண்டிலும் தென்னிந்திய மொழிகளின் உறவை நிறுவியது இத்தகைய ஒப்பீடுகளைத் துணைக்கொண்டுதான். இங்கே ஒரு நன்மையைக் கவனியுங்கள். தமிழ் வகுப்பில் தயங்கித் தயங்கி வாசித்த தெலுங்கு வீட்டுக் குழந்தையே இச்செயல்பாட்டில் வகுப்புக்கு வழிகாட்டியாகிறது. எந்தத் தேர்வும் காட்டாத ஆற்றலை ஒரு நல்ல வினா காட்டிவிடுகிறது.

எழக்கூடிய மறுப்புகள்

‘எழுத்துக்கூட்டவே இயலாத குழந்தைகள் இருக்கும்போது செறிவூட்டல் ஓர் ஆடம்பரம் அல்லவா?’ என்று ஆசிரியர் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளிகளின் நெருக்கடியை நான் அறிவேன். அடிப்படை எழுத்தும் எண்ணும் எல்லாவற்றுக்கும் முந்தியவை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால், பயிற்சித்தாளை மட்டுமே காணும் குழந்தைக்கு எழுத்தைக் கற்பதற்கான காரணம் எங்கிருந்து கிடைக்கும்? நூலின் கதையைக் கேட்டு வியந்த குழந்தையே அதனை எழுத விரும்பும்.

நம் மாநிலத்தில் இதற்கான களம் ஏற்கெனவே உள்ளது. 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு குழந்தையும் தனக்குரிய வேகத்தில் கற்கலாம் என்பதை நிலைநாட்டியது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளின் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்னும் படிகளை வகுத்தது. இப்பெயர்களின் அழகே ஓர் உண்மையை உணர்த்துகிறது: அரும்பு என்பது குழந்தையின் பெயர் அன்று, அது இன்று நிற்கும் இடத்தின் பெயர். மலர் நிலையை எட்டிய குழந்தை அங்கேயே காத்துக்கிடக்கவும் கூடாது. அரும்பு நிலையில் உள்ள குழந்தைக்கு வியப்பூட்டும் செயல்கள் மறுக்கப்படவும் கூடாது.

‘அனைவருக்கும் ஒன்றாகவே கொடுத்தால் மீத்திறன் மிக்கோர் தேங்கிவிட மாட்டார்களா?’ என்பது மற்றொரு மறுப்பு. அனைவருக்கும் கதவைத் திறப்பது வேறு; அனைவரையும் ஒரே தொலைவு நடக்கச் செய்வது வேறு. ஆர்வத்துடன் நெடுந்தொலைவு நடப்பவரை நாம் தடுக்க வேண்டியதில்லை. அவருக்கு நூலகமும் நேரமும் வழித்துணையும் தருவது நம் கடமை. சமத்துவம் என்பது வாயிலில் காட்டப்பட வேண்டியது. பயணத்தின் தொலைவைக் குறைப்பதற்கு அதனைக் காரணமாக்கக் கூடாது.

திறந்த கதவும் மூடிய கதவும்

கணிதமேதை இராமானுசனின் வாழ்வு இதற்குச் சான்றாகும். 1903ஆம் ஆண்டு, பள்ளி மாணவராக இருந்தபோது, கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. கார் என்பவர் தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ 5000 கணித முடிவுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிறுவல்கள் இல்லை. அக்குறையே அவருக்குக் கொடையாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவ முற்பட்டு, புதியனவற்றைக் கண்டார். இரவல் பெற்ற ஒரு நூல் செய்த செறிவூட்டல் அது. அடுத்த ஆண்டு அதே கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியிருந்தமையால் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகையை இழந்தார், கல்லூரியையும் விட்டு நீங்கினார். நூலகம் திறந்த கதவைத் தேர்வு மூடியது. பின்னர் நல்லோர் பலர் துணை நின்றமையால் உலகம் அவரை அறிந்தது. துணை கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த வரலாறும் எழுதிவைக்கவில்லை.

பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருட்டிணன், 1888ஆம் ஆண்டு திருத்தணியில் பிறந்தவர். எளிய குடும்பத்தில் தோன்றிய அவரைப் படிப்புதவித்தொகைகள் தாங்கி நின்றன. அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அவர் பிறந்த மண்ணுக்கு அருகிலுள்ள தொடக்கப்பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நல்ல வினா கிடைக்குமானால், அதுவே அந்நாளுக்குரிய சிறந்த கொண்டாட்டமாக அமையும்.

மாணவர்களே! சில ஆண்டுகளுக்கு முன்பு நீங்களும் ஐந்தாம் வகுப்பில் அமர்ந்திருந்தீர்கள். விரைந்து முடித்துவிட்டுச் சன்னலைப் பார்த்தவர் உங்களுள் இருக்கலாம்; தம் ஆற்றலை யாரும் கேட்கவில்லையே என்று வருந்தியவரும் இருக்கலாம். நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள், பலர் பெற்றோராவீர்கள். இன்றே உங்கள் தெருவில் தம்பியும் தங்கையும் இருக்கிறார்கள். ‘எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்பதற்கு முன், ‘இன்று எதைக் கண்டு வியந்தாய்?’ என்று கேளுங்கள். முளை அதன் பின்னரே தெரியும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைக் கொண்டு ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கான செறிவூட்டல் செயல்பாடு ஒன்றை வடிவமைக்க.

2. ‘மீத்திறன் மிக்க மாணவர்களுக்குத் தனி வகுப்பு தேவை – தேவையில்லை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. தமிழிலும் அண்டை மாநில மொழி ஒன்றிலும் ஒத்து வழங்கும் சொற்கள் இருபதினைத் திரட்டி, அவற்றில் காணப்படும் ஒலி மாற்றங்களைக் குறிப்பிடுக.