அந்த உறை என் மேசைக்கு வர வேண்டாம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் 11 வருடமாக மெடிகிளைம் வேலை பார்க்கிறேன். ஊழியர்கள் கொண்டுவரும் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் சரிபார்த்து, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைம்களைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். பித்தப்பைக் கல்லையோ கண்புரையையோ யாரும் என்னிடம் மறைத்ததில்லை. "சிசேரியன் மேடம், குழந்தை மூணு கிலோ" என்று சொல்லிக்கொண்டேதான் பில்லை நீட்டுவார்கள்.

போன வருடம் ஸ்டோர்ஸ் தம்பி ஒருவர் ஒட்டிய உறையோடு வந்து நின்றார். மனைவி 9 நாள் மனநல மருத்துவமனையில் இருந்திருக்கிறார். "இதை நீங்க பிரிச்சுப் பாப்பீங்களா மேடம்?" என்றார். பார்க்காமல் அனுப்ப முடியாது என்றேன். உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொசைட்டியில் லோன் போட்டுக் கட்டினாராம்.

அவருக்குச் சேர வேண்டிய பணம் அது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உடல் நோய்க்குக் கொடுப்பதுபோலவே மன நோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை என்கிறது. அதைக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள்மேல் வைக்கிறது. மருத்துவர் வாய் திறக்க மாட்டார். ஆனால் அவர் எழுதிய தாள் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, என் மேசையைத் தாண்டி, மேனேஜர் கையெழுத்துக்குப் போய் வருகிறதே!

தாளில் நோயின் பெயர் இல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். எஃப்32 என்றால் மனச்சோர்வு, எஃப்41 என்றால் பதற்றம். கிளைம் பார்ப்பவர்களுக்கு இந்தக் குறியீடுகள் மனப்பாடம். டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் டி.பி.எம். என்ற மூன்றெழுத்து மனநல மருத்துவப் பட்டயம் இருந்தாலே போதும். கவுன்சலிங்குக்கு ஓ.பி. காப்பீடு இருப்பதே அபூர்வம். இருந்தால், வாரா வாரம் ஒரே லெட்டர்ஹெட்டில் பில் வரும். பிறகு அந்த ஊழியருக்குப் புரமோஷன் பேச்சு வரும்போது, இதைப் பார்த்தவர் மனதில் என்ன ஓடும்? எனக்கு அந்த பயம் உண்டு.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். பாலிசி அப்பா பெயரில் இருந்தால், கல்லூரியில் படிக்கும் மகள் கவுன்சலிங் போன விவரம் கிளைம் எஸ்.எம்.எஸ்.ஸாக அவர் போனுக்கு வந்துவிடும். அவள் தானாகச் சொல்வதற்கு முன்பே.

அதனால் கையிலிருந்து கட்டிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் பணம் இருப்பவர்களுக்கு மட்டுமா ரகசியம்? பின்னாளில் தனியாகப் பாலிசி எடுக்கும்போது, படிவத்தில் பழைய சிகிச்சையை மறைக்கவும் வேண்டாம். மறைத்ததைக் காட்டியே கிளைமை மறுத்துவிடலாம். மாற வேண்டியது தாள் போகும் வழி. ஊழியர் நேராக டி.பி.ஏ.வுக்கு அனுப்பட்டும். கம்பெனிக்கு மொத்தத் தொகை தெரிந்தால் போதும். பெயரும் நோயும் எதற்கு?

மனநலக் கிளைம் எதுவும் என் மேசைக்கு வர வேண்டாம் என்று போன மாதம் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை யாராவது ஒட்டிய உறையோடு வந்தால், நான் அதைக் கையில் வாங்குவதில்லை. டி.பி.ஏ. முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, கேட் எதிரே இருக்கும் கூரியர் கடைக்கு அனுப்பிவைக்கிறேன்.