கூப்பிட்டால் மட்டும் கதவு திறக்கட்டும்!

பெரணமல்லூரில் இருக்கிற அப்பாவின் கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அங்கே இருந்தபடியே அவன் அதை சரி செய்ய முடியுமா?

முடியும். சென்னையில் மகன் மவுசை நகர்த்தினால், பெரணமல்லூர் வீட்டுத் திரையில் அம்புக்குறி நகரும்!

நல்ல வசதிதான். ஆனால் இதே வசதியை வைத்துத்தான், ஊர் பேர் தெரியாத ஆசாமிகள் வீடு புகுந்து பணத்தைச் சுருட்டுகிறார்கள். பூட்டு உடைவதில்லை. நாய் குரைப்பதில்லை.

மகன் வருகிற வழி எது, திருடன் வருகிற வழி எது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

தறி வீட்டில் கம்ப்யூட்டர்

ஆரணிப் பட்டு வட்டாரத்துக்கு கம்ப்யூட்டர் அந்நியம் அல்ல. சேலையில் பூ விழுவதற்கு ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டை ஓடுகிறதே, அதுதான் கம்ப்யூட்டரின் பாட்டன்! பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ல் கொண்டு வந்த முறை அது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தன் கணக்கு எந்திரத்துக்கு இந்த அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார்.

இன்று டிசைனே கம்ப்யூட்டரில் வரையப்படுகிறது. சேலை போட்டோ வாட்ஸ்அப்பில் போகிறது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், பிள்ளைகள் வாங்கி வந்த லேப்டாப் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். லேப்டாப் அப்பா, அம்மாவிடம் தங்கிவிட்டது.

அது நின்று போனால் யாரைக் கேட்பது? மகனைத்தான்.

"டேய், செவப்பா என்னமோ எழுதிக் கேக்குதுடா. ஓ.கே. குடுக்கட்டுமா?"

"எதையும் அமுக்காதீங்கப்பா! என்ன எழுதியிருக்கு, படிங்க."

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குதுடா..."

இந்தப் பேச்சு அரை மணி நேரம் ஓடும். இரண்டு பேருக்கும் கோபம் வரும். கம்ப்யூட்டர் மட்டும் அப்படியே இருக்கும்.

குறுக்கே ஒரு சுவர்

மகன் நேராக அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடலாமே? வர முடியாது. நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. அதன் பெயர் பயர்வால். வீட்டு வைஃபை பெட்டியில் ஒன்று. கம்ப்யூட்டருக்குள் இன்னொன்று.

இந்தச் சுவரின் சட்டம் ஒரே வரிதான். உள்ளே இருப்பவர் கூப்பிட்டால், பதில் உள்ளே வரலாம். கூப்பிடாமல் வருகிறவனுக்கு கதவு திறக்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இன்டர்நெட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் வேண்டும். பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். உலகத்துக்குப் போதவில்லை. ஆகவே இன்டர்நெட் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே எண்ணுக்குப் பின்னால் வைக்கின்றன. ஒண்டுக் குடித்தனத்துக்கு ஒரே தெருவாசல் இருப்பது போல! தெருவில் நிற்கிறவனுக்கு அப்பாவின் அறை எது என்று தெரியாது.

இங்கேதான் தரகர் வருகிறார். டீம்வியூவர், எனிடெஸ்க் என்று பல பெயர்கள். அப்பாவின் கம்ப்யூட்டரும் மகனின் கம்ப்யூட்டரும் தாங்களாகவே வெளியே போய், நடுவில் இருக்கும் தரகர் கம்ப்யூட்டரிடம் பேசும். அது இரண்டையும் சேர்த்துவிடும். உள்ளே இருந்து தொடங்கிய பேச்சு என்பதால் சுவர் தடுக்காது.

கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் தரகர் வேண்டாம் என்று வைஃபை பெட்டியில் நிரந்தரமாக ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார்கள். அது கெட்டிக்காரத்தனம் அல்ல. திறந்த வாசல் எங்கே என்று இரவு பகலாகத் தேடும் எந்திரங்கள் இன்டர்நெட்டில் அலைகின்றன.

திருடன் எப்படி வருகிறான்?

மோசடிப் பேர்வழி சுவரை உடைப்பது இல்லை. வீட்டுக்காரரையே கதவைத் திறக்க வைக்கிறான்.

"சார், பேங்க்ல இருந்து பேசறோம். உங்க கணக்கு இன்னிக்கு ராத்திரி முடங்கிடும். ஒரு ஆப் சொல்றேன், ஏத்துங்க. அதுல வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க."

சொன்னால் போச்சு! பேங்கில் இருந்து வரும் ரகசிய எண் உள்பட, திரையில் தெரிவது எல்லாம் அவனுக்கும் தெரியும்.

இது புதுக்கதை அல்ல. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் பேங்க், எனிடெஸ்க் பெயரைச் சொல்லி பேங்குகளை எச்சரித்தது. மைக்ரோசாப்ட், அமேசான் கம்பெனிகளின் உதவி ஆட்கள் போல நடித்து வெளிநாட்டுக்காரர்களை ஏமாற்றிய கும்பல்களும் உண்டு. அந்தப் புகார்கள் உள்பட பல வழக்குகளில், 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 76 இடங்களில் சோதனை போட்டது.

அதற்காக இந்தக் கருவிகளையே ஒழித்துவிடலாமா? கூடாது. ஒழித்தால் நஷ்டம் பெரணமல்லூர் அப்பாவுக்குத்தான். திருடன் வேறு வழி பார்த்துக்கொள்வான்.

யார் மேல் தப்பு?

"அப்பா ஏமாந்துட்டார்" என்று பிள்ளைகள் திட்டுகிறார்கள். இது நியாயமா?

இத்தனை நாளும் மகன் சொல்லிக் கொடுத்தது என்ன? "நான் சொல்றதை அமுக்குங்க. வர்ற நம்பரைச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் ஓ.கே. குடுங்க. கேள்வி கேக்காதீங்க, எனக்கு டைம் இல்லே."

திருடனும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொல்கிறான். அப்பா, மகன் பழக்கிய பாடத்தை ஒப்பிக்கிறார்!

ஆகவே திருந்த வேண்டியது முதலில் உதவி செய்கிற பிள்ளைகள்தான்.

வீட்டுச் சட்டம்

பயர்வாலின் சட்டத்தையே வீட்டுச் சட்டம் ஆக்க வேண்டும். கூப்பிடுகிறவர் எப்போதும் அப்பாவாக இருக்க வேண்டும். "மகன் பேசறேன்" என்று யார் கூப்பிட்டாலும், போனை வைத்துவிட்டு, மகனின் நம்பருக்குத் திருப்பிப் பேச வேண்டும். இப்போது குரலைக் கூட எந்திரம் காப்பி அடிக்கிறது.

கருவியை மகன் நேரில் வந்து ஏற்ற வேண்டும். போனில் சொல்லி ஏற்ற வைக்கக் கூடாது. அப்பா சம்மதம் கொடுத்தால்தான் உள்ளே வர முடியும் என்று ஒவ்வொரு முறைக்கும் அமைக்க வேண்டும். விண்டோசில் உள்ள 'குயிக் அசிஸ்ட்' அப்படிப்பட்டது. கூகுளின் 'குரோம் ரிமோட் டெஸ்க்டாப்'பில் உதவிக்காகத் தரும் எண் 5 நிமிஷத்தில் செல்லாமல் போகும்.

உள்ளே வந்த மகன், "இதைத் திறக்கறேம்பா, இதை நிறுத்தறேம்பா" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் அப்பா கையாலேயே மூட வேண்டும். பேங்க் கணக்கு திறந்திருக்கும் நேரத்தில் யாரும் உள்ளே வரக் கூடாது. மகனே ஆனாலும் சரி!

இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்ட பிறகுதான் நெசவாளர் மேலே நெய்வார். அவசரப்படுத்துகிற ஆசாமியிடமும் அந்த நிதானம் போதும்.

மீறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறு போனில் இருந்து 1930-க்குப் பேச வேண்டும். பேங்குக்கும் சொல்ல வேண்டும். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும்.

அடுத்த பண்டிகைக்கு ஊருக்குப் போகிற பிள்ளைகள், ஸ்வீட் பாக்கெட்டோடு ஒரு மணி நேரத்தையும் ஒதுக்கிக்கொண்டு போகட்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையில் மவுசைக் கொடுத்து, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கட்டும்.