முதலில் யாரைப் பார்ப்பது?

சிறுமலையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நர்ஸிங் முடித்துவிட்டு, அமெரிக்காவின் 'என்க்ளெக்ஸ்' உரிமத் தேர்வுக்குப் படிக்கிறாள். 2023 ஏப்ரல் முதல் அதில் நோயாளியின் நிலைமையைக் கதைபோலச் சொல்லி, ஒரு கதைக்கு ஆறு கேள்விகள் கேட்கிறார்களாம். வெறும் மனப்பாடம் உதவாது.

"ரெண்டு பேருக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. ஒருத்தி வலியில கத்துறா. இன்னொருத்தி பேச முடியாம மூச்சு வாங்குறா. முதல்ல யாரைப் பார்ப்பீங்க அத்தை?" என்று என்னைக் கேட்டாள்.

கத்துகிறவளிடம்தான் நம் கால் ஓடும். ஆனால் சுவாசப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்பதுதான் வரிசை.

சகோதரிகளே, வீட்டுக்கும் இது பொருந்தும். காய்ச்சல் கண்ட குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு, விலாவுக்குக் கீழே குழி விழ மூச்சு விட்டால், கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். திண்டுக்கல் போக 18 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டிய எங்களுக்குத் தாமதிக்க நேரம் ஏது?