வாணமும் வானமும்

ஆமத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் புதுமையன்று. திரியும் மருந்தும் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. ஆனால், "விண்வெளித் துறையில் என்ன படிக்கப் போகிறாய்?" என்று எந்த மாணவரைக் கேட்டாலும், "எஞ்சினீயராகி ராக்கெட் செய்வேன்" என்ற ஒரே விடைதான் வருகிறது. ராக்கெட் வண்டிதானே? வண்டி போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன மண், என்ன பாறை என்று பார்ப்பதற்கும் ஆள் வேண்டாமா? அந்தக் கோள் அறிவியலைப் பற்றி நம் மாணவர்களுக்கு யாரும் அதிகம் சொல்வதில்லை. இது பெருங்குறை என்பது என் கருத்து.

நம் மாநிலத்திலேயே இதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க, நிலவின் மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அப்பல்லோ வீரர்கள் ஆறு பயணங்களில் கொண்டுவந்ததே மொத்தம் 382 கிலோகிராம்தான்! நிலவின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல் துறையினரின் துணையோடு அப்பாறை பொடியாக்கப்பட்டு, பெங்களூரில் செயற்கை நிலவுத் தரை உருவாயிற்று. 2020-இல் இம்மண்ணுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. 2019-இல் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலம் விழுந்து நொறுங்கியது உண்மை. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியதும் உண்மை. இரண்டிலும் சித்தம்பூண்டிக் கல்லுக்குப் பங்குண்டு.

திருவனந்தபுரத்தில் 2007-இல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் வானியற்பியல், புவி அமைப்பு அறிவியல் எல்லாம் படிக்கலாம். ஆனால் இடங்கள் சில. நுழைவுத் தேர்வோ கடினம். அது கிடைக்காவிட்டால் விண்வெளியே இல்லை என்று சோர்வது வீண். புவியமைப்பியல் பட்டப்படிப்பும் நிலவுக்குப் போகும் வழிதான். "கல்லைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் பெரியவர்களிடம் சித்தம்பூண்டிக் கதையைச் சொல்லுங்கள்.

பாடப்பொருளுக்கும் பஞ்சமில்லை. சந்திரயான்-2 சுற்றுக்கலன் அனுப்பிய தரவுகளை 2020 டிசம்பரிலிருந்து இஸ்ரோ பொதுமக்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு கணிப்பொறியும் பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும் போதும்.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு முன்னுரிமை கூட உண்டு. ஸ்டிரான்சியம் உப்பு சிவப்பாக எரியும், சோடியம் மஞ்சளாக எரியும், தாமிரம் நீலம் தரும் என்பது அங்கே தெரிந்த சங்கதி. (பச்சை தரும் பேரியத்துக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது வேறு கதை.) ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கென்று ஒளி உண்டு. பிரக்யான் ஊர்தியும் இதையே செய்தது. நிலவு மண்ணை லேசரால் சுட்டு, கிளம்பிய ஒளியைப் பிரித்துப் பார்த்து, அங்கே கந்தகம் இருப்பதைக் கண்டது. வரும் தீபாவளிக்கு ஒரு பழைய குறுந்தகட்டைப் பிடித்து, அதில் மத்தாப்பின் ஒளி எப்படிப் பிரிகிறது என்று பாருங்களேன்!