முதலும் கொடையும்

செல்வர் ஒருவர் எவ்வளவு ஈந்தார் என்று கேட்பது உலக வழக்கு. ஈந்தபின் தமக்கென எதனை வைத்துக்கொண்டார் என்பதும் வினவத்தக்கதே. அமெரிக்கச் செல்வர் லோரன்ஸ் றொக்பெல்லரின் (1910–2004) வாழ்வு இவ்வினாவை எழுப்புகின்றது.

எண்ணெய் வணிகத்தாற் பெரும்பொருள் குவித்த ஜோன் டி. றொக்பெல்லரின் பேரர் இவர். பாட்டனார் தேட்டத்தைப் பூட்டி வைத்தாரல்லர். பிறர் தயங்கிய புதுத்தொழில்களில் முதலிட்டார். 1938இல் ஈஸ்டர்ன் விமானக் கம்பனியிற் பங்கு கொண்டார். 1969இல் குடும்பத்தினருடன் அவர் நிறுவிய வென்றொக், இன்டெல், அப்பிள் ஆகிய கம்பனிகளுக்கு அவற்றின் தொடக்க காலத்திலேயே முதல் அளித்தது.

கரிபியன் கடலிலுள்ள சென் ஜோன் தீவில் ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலத்தை 1956இல் தேசியப் பூங்காவுக்கென வழங்கினார். தீவின் அரைப்பங்குக்கு மேல் இன்று பூங்காவாய் விளங்குவதற்கு அக்கொடையே வித்து. ஆயினும், அங்கேயே கனீல் பே என்னும் உல்லாச விடுதியையும் நடத்தினார். பொதுவுடைமையான காட்டின் எழில் தனியார் விடுதிக்கு மூலதனமாயிற்று. 1983இல் விடுதி நிலமும் அரசுக்கு வழங்கப்பட்டது. ஆனால், நாற்பதாண்டுப் பயன்பாட்டுரிமை ஒதுக்கி வைக்கப்பட்டது. 2017இல் இர்மா சூறாவளி விடுதியைச் சிதைத்தது. 2023 செப்டெம்பரில் உரிமையும் முடிவுற்றது.

காடு காத்த கொடையைச் சிறுமைப்படுத்துதல் நேர்மையன்று. எனினும், மீண்ட அந்நிலத்திற் செல்வர்க்கான மாளிகையே மறுபடி எழுமாயின், தீவு மக்கள் அங்கு ஏவலராகவே நிற்பர். கொடுத்தவர் மறைந்துவிட்டார். அக்கொடையை அம்மக்களுக்கும் உரியதாக்கும் கடமை இனிப் பெற்றவரான அரசையே சாரும்.